குறியீடு இல்லாத ஓர் ஆரஞ்சு: ஏழு வருடம் ஓட்டிய பிறகு

2001ஆம் வருடத்து போர்ஷே பாக்ஸ்டர் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கி, 2018இல் அதன் வெள்ளி நிறத்தை ஆரஞ்சாக மாற்றினேன். தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குப் பக்கத்து வெருலத்தில் எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. வாரத்தில் மூன்று நாள் டர்பனுக்கு வேலைக்குப் போய்வருகிறது, ஆக அலமாரியில் வைத்த பொம்மை இல்லை. பெட்ரோல் போட நின்றால்கூட யாராவது நிறத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். ஏழு வருடமாக ஒரே பதிலைச் சொல்லி அலுத்துவிட்டது, எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் என் மனதில் இருந்தது வேறு நிறம். 1990களின் தொடக்கத்தில் போர்ஷேயின் 964 கரேரா ஆர்எஸ் வண்டியில் வந்த ஸ்டெர்ன்ரூபின். ஜெர்மன் பெயருக்கு நட்சத்திர மாணிக்கம் என்று பொருள். ஆங்கிலத்தில் அது ரூபிஸ்டோன் ஆகிவிட்டது. சிவப்பும் இல்லை, ரோஜா நிறமும் இல்லை, பீட்ரூட்டைத் துருவிப் பாலில் போட்ட மாதிரி. படத்தைப் பார்த்த அம்மா, "காவடிக்குச் சேலை எடுத்த மாதிரி இருக்கே" என்றார். அது பாராட்டுத்தான். இன்னொரு யோசனை, ஆங்கிலத்தில் கார்ட்ஸ் ரெட் என்கிறார்களே, அந்தச் சிவப்பு. ஜெர்மனியில் அதன் பெயர் இண்டிஷ்ரோட், அதாவது இந்தியச் சிவப்பு. டர்பனில் ஓட்ட இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்று கொஞ்ச நாள் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இந்த மாதிரிப் பழைய தொழிற்சாலை நிறங்களில் பெரிய வசதி, அவற்றுக்குக் குறியீடு உண்டு. பெயின்ட் கடையில் குறியீட்டைச் சொன்னால் கணினியில் கலவை வந்துவிடும். பத்து வருடம் கழித்து ஒரு கதவை மட்டும் அடிக்க வேண்டி வந்தாலும் அதே எண்ணைச் சொல்லலாம். இந்த அருமை அப்போது எனக்குப் புரியவில்லை.

அப்பாதான் பேச்சை மாற்றினார். சின்ன வயதில் நண்பர்களோடு பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய் ராய் ஹெஸ்கெத் ஓட்டப்பாதையில் பந்தயம் பார்த்தவர். அந்தப் பாதை 1981இல் மூடப்பட்டுவிட்டது. அங்கே அவர் பார்த்ததில் மறக்காதது ஜான் லவ் என்ற பந்தய வீரர் ஓட்டிய, கன்ஸ்டன் என்ற சிகரெட்டின் பெயர் தாங்கிய அணியின் ஆரஞ்சும் பழுப்புமான கார். இது சாதாரண ஆரஞ்சு இல்லை. அதுவரை பந்தயக் கார்களுக்கு நாட்டு நிறம்தான்: இத்தாலிக்குச் சிவப்பு, இங்கிலாந்துக்குப் பச்சை, தென்னாப்பிரிக்காவுக்குப் பொன்னும் பச்சையும். 1968 ஜனவரி 1 அன்று ஜோகன்னஸ்பர்க் பக்கத்துக் கியாலமி ஓட்டப்பாதையில் நடந்த கிராண்ட் பிரீயில் கன்ஸ்டன் அணி சிகரெட் நிறுவனத்தின் நிறத்திலேயே களமிறங்கியது. அன்றைக்கு ஜெயித்த ஜிம் கிளார்க்கின் லோட்டஸ் இன்னும் பச்சையாகவே இருந்தது. லோட்டஸ் சிகரெட் நிறத்தில் உலகச் சாம்பியன் பட்டத்துக்கான கிராண்ட் பிரீ ஓடியது அதற்குச் சில மாதம் கழித்துத்தான்.

"சிகரெட் பாக்கெட் நிறத்துல காரா?" என்று அம்மா ஒரு வாரம் பேசவில்லை.

சரி, அந்த ஆரஞ்சு எது? வீட்டில் இருப்பது இரண்டு கறுப்பு வெள்ளைப் படம். இந்த நாட்டில் தொலைக்காட்சியே 1976இல்தான் வந்தது. பழைய பத்திரிகைகளின் வண்ணப் பக்கங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. கடைசியில் அப்பாவின் கண்தான் குறியீடு.

ஃபீனிக்ஸில் ஒரு பட்டறையில் கொடுத்தேன். பெயின்டர் அண்ணன் முதலில் சின்ன அட்டையில் அடித்துக் காட்டினார். அட்டையை நம்பாதீர்கள். பழைய மட்கார்ட் ஒன்றைக் கொண்டுபோய் அதில் அடிக்கச் சொன்னேன். வளைவில்தான் நிறம் தன் குணத்தைக் காட்டும். முதல் முறை அப்பா பார்த்துவிட்டு, "இது ஃபேண்டா" என்றார். இரண்டாவது, "இது ரோடு போடுறவன் போட்டுக்கிற சட்டை." மூன்றாவதற்கு முன்னால் அண்ணனே பொறுமை இழந்து, "மாமா, சமையல்ல ஏதாவது சொல்லுங்க, எனக்குப் புரியும்" என்றார். அப்பா யோசித்துச் சொன்னார்: "கறி கொதிச்சு அடங்கினதும் மேல எண்ணெய் மிதக்குமே, அது." நான்காவது மட்கார்ட் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் பட்டறையின் டியூப் லைட்டில் சரியாக இருந்தது, வெளியே வெயிலில் எலுமிச்சை கலந்த மாதிரி வெளுத்தது. வெவ்வேறு நிறத்தூள் கலந்து ஒரு நிறத்தை எட்டும்போது இப்படி ஆகும்: ஒரு வெளிச்சத்தில் பொருந்தும், இன்னொன்றில் காட்டிக்கொடுக்கும். காலை எட்டு, மதியம், மாலை ஐந்து என்று மூன்று வேளையும் வெளியே வைத்துப் பார்த்த பிறகே ஐந்தாவதை ஒப்புக்கொண்டோம்.

ஆரஞ்சு எடுப்பவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்து ஆரஞ்சிலும் மஞ்சளிலும் ஈயக் குரோமேட் இருந்தது. நஞ்சுதான், ஆனால் ஒரு கோட்டிலேயே அடியில் இருப்பதை மூடிவிடும். இப்போது வரும் ஈயமில்லாத நிறத்தூள்களுக்கு அந்த மூடும் சக்தி குறைவு. கீழே வெளிறிய ஒரு கோட், மேலே நான்கு கோட் ஆரஞ்சு, அப்புறம் கிளியர் என்கிற நிறமில்லாத பளபளப்புக் கோட் என்று என் வண்டிக்குப் போனது. கூலியும் பெயின்டும் சேர்த்து 62,000 ராண்ட். மூன்று வாரம் என்றார்கள், ஒன்பது வாரம் ஆனது. இந்தத் தொகையில் முன்பக்க டிக்கியின் உட்புறம் சேராது. பாக்ஸ்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு டிக்கி; முன்பக்கத்தைத் திறந்தால் இன்னமும் வெள்ளிதான் பல் இளிக்கிறது. முதலிலேயே பேசி அதையும் அடிக்கச் சொல்லியிருக்க வேண்டும். காப்பீட்டிலும் பதிவு அலுவலகத்திலும் நிறம் மாறியதைச் சொல்லிவிட்டேன், அதில் பெரிய தொல்லை இல்லை.

கோயிலில் பூஜை போட்டபோது ஐயர் பானட்டில் மஞ்சளும் குங்குமமும் வைத்தார். மஞ்சள் இந்த நிறத்தில் இருக்குமிடமே தெரியவில்லை. புது கிளியரில் குங்குமம் மட்டும் ஒரு மாதம் லேசாகத் தங்கியிருந்தது. பெயின்ட் ஆறும்வரை பொட்டைக் கண்ணாடியில் வைக்கச் சொல்லுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

இனி ஓட்டிய அனுபவம். எங்கள் பக்கம் உண்மையான எதிரி கரும்புச் சாம்பல். அறுவடைக் காலத்தில் வயலுக்குத் தீ வைத்தால் கறுப்புச் சுருள் சுருளாக வந்து இறங்கும். வெள்ளியில் தெரியாதது ஆரஞ்சில் அப்படியே தெரியும். பார்த்ததும் கை துணியைத் தேடும், அதைச் செய்யாதீர்கள். காய்ந்த சாம்பலைத் துடைத்து முதல் வருடமே பானட்டில் வலை வலையாகக் கீறல் போட்டவன் நான். முதலில் தண்ணீர் மட்டும் அடித்து இறக்க வேண்டும். ஹடேடா என்கிற பறவையின் எச்சத்தையும் அன்றைக்கே ஊறவைத்துக் கழுவிவிடுகிறேன். வெயிலுக்கு நிறம் வெளுக்கவில்லை. கிளியரை நல்லதாகப் போட்டதன் பலன். N2 சாலையில் கல் தெறித்த இடங்களில் மட்டும் அடியில் இருந்த வெள்ளி புள்ளி புள்ளியாக எட்டிப்பார்க்கிறது. விற்கக் கேட்டுப் பார்த்தேன். வெள்ளியாக இருந்தால் தருவதைவிடக் குறைவாகத்தான் சொன்னார்கள். விற்கவும் மனமில்லை, அது வேறு விஷயம்.

போன வருடம் ஒரு கடைவாசலில் ரிவர்ஸில் வந்த பேக்கி (பிக்கப் வண்டி) ஒன்று என் முன் பம்பரை உரசிக் கிழித்தது. அப்போதுதான் குறியீடு இல்லாத நிறம் என்றால் என்னவென்று புரிந்தது. பட்டறை மூடியாயிற்று. கலவை எழுதிய தாளை நான் வாங்கிவைக்கவில்லை. பத்திரப்படுத்திய ஒரு லிட்டர் டப்பா கராஜ் சூட்டில் களியாகக் கிடந்தது. புதுப் பட்டறையில் கருவியைக் கதவில் வைத்து அளந்து கலந்தார்கள். ஆனாலும் பம்பர் ஒரு பிடி பழுப்பாகத்தான் வந்தது. பிளாஸ்டிக்கும் தகடும் என்றைக்குமே முழுதாக ஒத்துப்போகாது என்று சமாதானம் சொன்னார்கள். வெயிலில் பத்தடி தள்ளி நின்றால் தெரிகிறது. எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். ஒன்றும் சொல்லாமல் வண்டியைக் காட்டினேன். சுற்றி வந்து பம்பர் முன்னால் நின்றவர், குனிந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"இதாண்டா நான் பார்த்த நிறம்" என்றார்.

மீதி வண்டியை இப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்த முறை கலவைத் தாளை மட்டும் கேட்டு வாங்கி, வண்டிப் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன்.