ஒரே பீம், ஒரே சுமை: முனையைச் சும்மா வைப்பதா, இறுக்கிப் பிடிப்பதா?

6 மீட்டர் நீள பீம். நெடுக மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் சுமை. இரு முனைகளையும் தாங்கிகள்மேல் சும்மா உட்காரவைத்தால் பெண்டிங் மொமென்ட், அதாவது சுமை பீமை வளைக்கப் பார்க்கும் அளவு, நடுவில்தான் உச்சம். சுமையை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி 8-ஆல் வகுங்கள்: 90 கிலோநியூட்டன் மீட்டர்.

அதே பீமை இரு முனையிலும் திரும்பவே விடாமல் இறுக்கினால் நடுவில் 30 தான். மிச்சம் 60 எங்கே? முனைகளுக்குப் போய்விட்டது. இரண்டையும் கூட்டினால் பழைய 90. ஆனாலும் உச்ச அளவு 90-லிருந்து 60-க்கு இறங்குகிறது. நடுவில் தொய்வு ஐந்தில் ஒரு பங்காகிறது. காகிதத்தில் இறுக்கியதற்கே வெற்றி.

கம்பி கட்டும்போதுதான் விஷயம் புரியும். சும்மா வைத்த பீம் அடியில் இழுபடும். முக்கியக் கம்பி அடியில் இருந்தால் போதும். இறுக்கிய பீம் முனைகளில் மேற்பக்கம் இழுபடுகிறது, ஒவ்வொரு முனையிலிருந்தும் சுமார் 1.27 மீட்டர் தூரத்துக்கு. அங்கே மேல்கம்பிதான் உயிர். கான்கிரீட் போடும்போது ஆட்கள் ஏறி நடந்து அந்தக் கம்பியை மிதித்துத் தாழ்த்திவிட்டால், கணக்குப் போட்ட வலிமை அங்கே இருக்காது. கம்பி சரியாகத்தான் எண்ணியிருப்போம், உயரம் போயிருக்கும்.

இன்னொரு சிக்கல் அஸ்திவாரம். ஒரு தாங்கி கொஞ்சம் இறங்கினால் சும்மா வைத்த பீம் லேசாகச் சாய்ந்துகொள்ளும். உள்ளே புது மொமென்ட் எதுவும் வராது. இறுக்கிய பீமுக்கு அந்த இறக்கமே தனிச் சுமை மாதிரி. அதனால் மண்ணை நம்ப முடியாத இடத்தில் நான் சும்மா வைப்பதையே எடுப்பேன். தவிர, முழு இறுக்கம் என்பது கட்டடத்தில் கிடைக்காத பொருள். தூண் கொஞ்சம் திரும்பினாலே முனையிலிருந்து மொமென்ட் நடுவுக்குத் திரும்பி வரும். நடுவுக்கு 30-ஐ மட்டும் நம்பிக் கம்பி போடுபவர் துணிச்சல்காரர்.

ஒரு முனையை மட்டும் பிடித்து மறுமுனையை அந்தரத்தில் விட்டால்? 360. இந்த நீளத்துக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

யாரும் அதிகம் கவனிக்காத வழி ஒன்று உண்டு. முனைகளை இறுக்காமல், தாங்கிகளை மட்டும் இருபுறமும் 1.24 மீட்டர் உள்ளே தள்ளுங்கள். நடுவிலும் தாங்கிகளின் மேலும் ஏறக்குறைய 15.5 தான் வரும், 90-இல் ஆறில் ஒரு பங்கு. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளுக்கு அங்கே இடம் இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை.