நாற்பது மீட்டருக்கு இருபத்துநாலு மடங்கு ஸ்கோப் எதற்கு?

கோட்டையூருக்கு வெளியே எங்கள் தோட்டத்தில் நேர்கோடாக ஒரு வரப்பு ஓடுகிறது. டேப் பிடித்து அளந்தேன், நாற்பது மீட்டர். ஒரு முனையில் சிமெண்டு மேடை. மறுமுனையில் கிணறு வெட்டியபோது குவித்த செம்மண் மேடு. பெல்லட் (ஏர் ரைஃபிளின் சின்னக் குண்டு) கல்லில் பட்டால் திரும்பி வரும் என்பதால் அந்த மேட்டில் கல் பொறுக்கவே எனக்கு இரண்டு ஞாயிறு போனது.

என்னுடையது ஸ்பிரிங் பிஸ்டன் ஏர் ரைஃபிள். 0.177 கேலிபர், அதாவது குழல் துளை 0.177 அங்குலம்; பெல்லட் வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்குக் கீழே; உரிமம் தேவைப்படாத வகை. சுடுவது அட்டைப்பெட்டியில் ஒட்டிய காகிதத்தை. தோட்டக் காவலுக்கு இருப்பவருக்கு இது புரியவே இல்லை. “ஏண்ணே, அங்க கடலைய மயிலு கொத்தித் திங்குது, நீங்க காயிதத்தச் சுடுறீக. ஒண்ணு போட்டா என்ன?” என்று வாரந்தவறாமல் கேட்பார். போடக்கூடாது. 1972ஆம் வருட வன உயிரினச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஏர் கன் என்றாலும் குற்றம் குற்றம்தான். தவிர, சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடிக் கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடாத கிராமங்கள் இருக்கிற சீமையில் உட்கார்ந்துகொண்டு நான் மயிலைக் குறிபார்க்க முடியுமா?

சரி, ஸ்கோப்புக்கு, அதாவது குறிபார்க்கத் துப்பாக்கிமேல் மாட்டும் தொலைநோக்கிக்கு வருகிறேன். முதலில் வாங்கியது 6-24×50: 6 முதல் 24 மடங்கு வரை பெரிதாக்கும், முன்லென்ஸ் 50 மில்லிமீட்டர். இணையத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய். கம்பெனிப் பெயர் வேண்டாம். பெட்டியில் 24 என்ற எண்ணைப் பார்த்ததும் விழுந்துவிட்டேன். எண் பெரிதாக இருந்தால் குறி தப்பாது என்ற நினைப்பு.

முதல் நாளே ஒன்று தெரிந்தது. காலை ஒன்பது மணிக்கு மேல் செம்மண் சூடேறிவிட்டால், 24 மடங்கில் காகிதம் கொதிக்கிற தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல நெளிகிறது. கானலையும் சேர்த்தல்லவா பெரிதாக்குகிறது! சரி, வெயிலுக்கு முன்னால் சுடலாம் என்று ஆறரைக்கே போனால் படம் மங்கல். முன்லென்ஸின் அகலத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 50ஐ 24ஆல் வகுத்தால் சுமார் 2 மில்லிமீட்டர். அந்தச் சின்ன வட்டத்துக்குள் கண்ணை வைக்கத் தலையை அங்கும் இங்கும் நகர்த்தியே கழுத்து பிடித்துக்கொண்டது.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். முந்நூறு பெல்லட் போவதற்குள் ஜீரோ, அதாவது குறுக்குக்கோட்டைப் பெல்லட் விழும் இடத்தோடு பொருத்திவைத்த நிலை, நிற்காமல் போய்விட்டது. இன்று வட்டத்துக்குள் விழுவது அடுத்த வாரம் இரண்டு விரல்கடை இடப்பக்கம். என் கைதான் சரியில்லை என்று ஒரு மாதம் என்னையே திட்டிக்கொண்டேன். அப்புறம் பெட்டிச் சோதனை செய்தேன். நடுவில் சுட்டுவிட்டு, குறியை நகர்த்தும் குமிழை 20 கிளிக் (குமிழின் ஒரு படி ஒரு கிளிக்) மேலே, 20 வலது, 20 கீழே, 20 இடது என்று திருப்பித் திருப்பிச் சுட வேண்டும். எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு; கால் எம்ஓஏ கிளிக்குக்கு நாற்பது மீட்டரில் ஏறக்குறைய 2.9 மில்லிமீட்டர். ஆகவே பக்கத்துக்கு 58 மில்லிமீட்டர் வருகிற சதுரமாக அமைந்து, கடைசிக் குண்டு முதல் ஓட்டைக்கே வந்து சேர வேண்டும். எனக்கு வந்தது பக்கம் கோணிய பட்டம்.

காரணம் துப்பாக்கியின் சுபாவத்தில் இருக்கிறது. ஸ்பிரிங் ரைஃபிளில் பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் முனையில் போய் நின்றதும் அப்படியே முன்னால் வெட்டும். பெரிய தோட்டா ரைஃபிளின் உதை எவ்வளவு பலமானாலும் பின்பக்கமாக வருவது. அதை மட்டும் கணக்கில் வைத்துச் செய்த ஸ்கோப் இந்த முன்வெட்டில் உள்ளே கலகலத்துவிடும். ஆகவே ‘ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு ஆகும்’ என்று எழுத்தில் இல்லாத ஸ்கோப்பைத் தொடாதீர்கள். விற்பவர் வாயால் சொல்வது கணக்கில் சேராது.

இரண்டாவதாக வாங்கியது ஹாக் வேண்டேஜ் 4-12×40 ஏஓ. முதலாவதைப்போல ஏழு மடங்கு விலை. வீட்டில் சொன்ன விலை வேறு, அது இங்கே வேண்டாம். எட்டு மாதமாகிறது, ஆயிரத்து ஐந்நூறு பெல்லட்டுக்கு மேல் போயிருக்கும். பெட்டிச் சோதனையில் சதுரம் சதுரமாகவே விழுகிறது. ஐந்து பெல்லட்டும் ஒரு பத்து ரூபாய்க் காசுக்குள் அடங்குகிற நாள்கள் உண்டு. அடங்காத நாள்களில் தப்பு என்னுடையது என்று இப்போது நிம்மதியாகச் சொல்லிக்கொள்ள முடிகிறது.

ஏஓ என்பது இலக்கின் தூரத்துக்கேற்பத் திருப்பிச் சரிசெய்ய முன்லென்ஸைச் சுற்றியிருக்கும் வளையம். இந்தக் காசு முழுக்க அதற்குத்தான் என்பேன். சுவர்க் கடிகாரத்தைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் முள் ஒரு நிமிடம் தள்ளித் தெரியுமே, அதேதான் இங்கேயும். குறுக்குக்கோடும் இலக்கின் பிம்பமும் ஒரே தளத்தில் விழாவிட்டால், கண் கொஞ்சம் நகர்ந்ததும் கோடு இலக்கின்மேல் வழுக்கும். இதுதான் பேரலாக்ஸ். பெரிய ரைஃபிள் ஸ்கோப்புகள் பலவற்றில் 100 கெஜத்துக்குச் சரிசெய்து பூட்டிவிடுகிறார்கள். இருபது மீட்டரில் அது மங்கும், வழுக்கவும் செய்யும். இதில் 10 கெஜத்திலிருந்து திருப்பிச் சரிசெய்யலாம். சோதிப்பது சுலபம்: ரைஃபிளை மணல்மூட்டையில் வைத்து, கைபடாமல் தலையை மட்டும் ஆட்டிப் பாருங்கள். கோடு அசையாவிட்டால் வளையம் சரியான இடத்தில் இருக்கிறது.

குறைகளும் உண்டு. வளையம் முன்னால் இருப்பதால் சுடும் நிலையிலிருந்து கையை நீட்டித்தான் திருப்ப வேண்டும். பக்கத்தில் குமிழ் வைத்த ஸ்கோப்புகளில் இந்தச் சிரமம் இல்லை, விலை ஏறும். ரெட்டிகிள், அதாவது குறுக்குக்கோடு, இரண்டாம் குவியத் தளத்தில் (மடங்கை மாற்றினாலும் கோடு அதே அளவில் தெரியும் இடத்தில்) இருப்பதால், அளவெடுக்க அதில் வைத்த மில்டாட் புள்ளிகளின் அளவு ஒரே ஒரு மடங்கில்தான் பொருந்தும். மடங்கை மாற்றினால் கணக்கும் மாறும். நான் 10இல் வைத்துவிட்டு அந்த வளையத்தைத் தொடுவதே இல்லை.

மெல்போர்னில் இருக்கும் மச்சானிடம் இதையெல்லாம் போனில் சொன்னால் சிரிக்கிறார். அவர் உரிமம் எடுத்து விக்டோரியா மலைக்காட்டில் மிளா வேட்டைக்குப் போகிறவர். நம் பக்கத்து மிளாவைத்தான் 19ஆம் நூற்றாண்டில் அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். பெருகிவிட்டது. அவருடையது சாதாரண 3-9×40, பேரலாக்ஸ் பூட்டியது, கிளிக் குமிழுக்கு மூடி போட்டது. “மாப்பிள்ளை, புதருக்குள்ள போறப்ப மூணுலதான் வச்சிருப்பேன். மிருகம் குறுக்கே ஓடுறப்ப அகலமாத் தெரியணும்” என்றார். விடியலிலும் அந்தியிலும் 6 மடங்கில் வைத்தால்கூட 40 மில்லிமீட்டர் லென்ஸ் 6.7 மில்லிமீட்டர் ஒளிவட்டம் தருகிறது. இருட்டில் விரிந்த கண்ணுக்கு அது போதும். 100, 150 மீட்டரில் மிளாவின் நெஞ்சுக்கூட்டுக்கு அரை எம்ஓஏ கணக்கெல்லாம் அவருக்கு வேண்டியதில்லை. தன் பழைய ஸ்கோப்பை எனக்குத் தருகிறேன் என்றார். என் ஸ்பிரிங் அதை ஒரு மாதத்தில் கொன்றுவிடும் என்று சொல்லி வேண்டாமென்றேன்.

ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்து நிறுத்தும் மவுண்டுக்குத் தனியாகக் காசு எடுத்து வையுங்கள். அந்த முன்வெட்டு, ஸ்கோப்பைத் துப்பாக்கி முதுகிலுள்ள 11 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திவிடும். தடுப்பு ஊசி வைத்த ஒற்றைத்துண்டு மவுண்டு வாங்கி, அந்த ஊசி ரைஃபிளின் குழியில் உட்காருகிறதா என்று பாருங்கள். வளையத் திருகை ஸ்பேனர் பலத்தில் முறுக்கினால் குழாய் நசுங்கும்.

இன்னொன்று. ஏஓ வளையத்தில் அச்சடித்திருக்கும் தூரங்கள் எந்தக் கம்பெனியானாலும் உத்தேசம்தான், அதுவும் கெஜக் கணக்கு. நான் மருந்துக்கடைப் பிளாஸ்திரியை ஒரு சுற்று ஒட்டி, வரப்பில் மீட்டர் மீட்டராக அளந்து பேனாவால் குறித்திருக்கிறேன். 40 என்று எழுதிய இடம் மட்டும் விரல் பட்டுப் பட்டு அழிகிறது. மாதம் ஒருமுறை மறுபடி எழுதுகிறேன்.