மருந்தா, மல மாற்றா: மீண்டும் மீண்டும் வரும் டிஃபிசில் தொற்றுக்கு எது பொருத்தம்?

ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்ட முதியவர்களுக்கு மருத்துவமனையில் கடும் வயிற்றுப்போக்கைத் தரும் கிருமிகளுள் முக்கியமானது க்ளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில். வழக்கமான மருந்தான வான்கோமைசின் பெரும்பாலும் முதல் தாக்குதலை அடக்கிவிடும். ஆனால் கிருமியின் வித்துகள் (உறைந்த நிலையில் நீடித்துப் பின் முளைக்கும் வடிவங்கள்) அதற்கு அழிவதில்லை. கிருமியைக் கட்டுக்குள் வைத்திருந்த நல்ல பாக்டீரியாக்களோ பெருமளவில் அழிந்துபோகின்றன.

இந்த இழப்பு எவ்வளவு பெரியது என்பதைப் பித்த அமிலங்களே காட்டும். கல்லீரல் சுரக்கும் பித்த அமிலங்களுள் சில, உறங்கிக் கிடக்கும் வித்துகளை முளைக்கத் தூண்டுகின்றன. நலமான குடலில் க்ளோஸ்ட்ரிடியம் சிண்டென்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் அந்தப் பித்த அமிலங்களை, கிருமியைத் தடுக்கும் டிஆக்சிகோலிக் அமிலம் முதலியனவாக மாற்றிவிடுவதால், முளைத்த கிருமியும் பெருக முடியாமல் போகிறது. இவற்றோடு, உணவுக்கான போட்டியிலும் குடலில் ஏற்கெனவே வாழ்பவையே முந்திக்கொள்கின்றன.

ஆகவே, நல்ல பாக்டீரியாக்களை எது குறைவாகப் பாதிக்கிறது என்பதையே முதல் அளவுகோலாகக் கொள்கிறேன். அவ்வகையில் ஃபிடாக்சோமைசின் என்னும் மற்றொரு ஆன்டிபயாடிக் மேலானது: 2011இல் வெளியான ஆய்வில், வான்கோமைசின் பெற்றவர்களில் ஏறத்தாழ 25 விழுக்காட்டினருக்கும் இதைப் பெற்றவர்களில் 15 விழுக்காட்டினருக்குமே நோய் திரும்பியது. விலைதான் பெருந்தடை.

நோய் பலமுறை திரும்பியவருக்கு மருந்தை மட்டும் நம்புவது சரியல்ல. 2013இல் வெளியான ஆம்ஸ்டர்டாம் ஆய்வில், நலமானவரின் மலக்கரைசலை மூக்குக் குழாய் வழியே சிறுகுடலுக்குள் பெற்ற 16 பேரில் 13 பேர் முதல் முறையிலேயே குணமடைந்தனர். வான்கோமைசின் மட்டும் பெற்ற 13 பேரில் குணமடைந்தவர்கள் 4 பேரே. வேறுபாடு அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள்.

ஆனாலும் இந்த மல மாற்று அபாயமற்றதல்ல. மருந்துக்குக் கட்டுப்படாத ஈ.கோலை பாக்டீரியா, கொடையாளரின் மலத்திலிருந்து தொற்றியதால் ஒரு நோயாளி இறந்தார் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019இல் எச்சரித்தது. கொடையாளரைக் கடுமையாகப் பரிசோதிக்காத இடத்தில் இச்சிகிச்சையை ஏற்கவே கூடாது.

கடையில் கிடைக்கும் புரோபயாடிக்கை (நல்ல பாக்டீரியாக்கள் அடங்கிய தயாரிப்பை) இவற்றுக்கு இணையாக வைக்க என்னால் இயலவில்லை. ஆன்டிபயாடிக்குக்குப் பின் அதை உட்கொண்ட நலமான தன்னார்வலர்களின் குடலில், சொந்த பாக்டீரியாக்கள் திரும்புவது தாமதமானதை இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2018இல் கண்டறிந்தது. முன்பே சேமித்த தம் மலத்தையே திரும்பப் பெற்றவர்களுக்கோ அவை சில நாட்களிலேயே மீண்டுவிட்டன.