ஹேக்கில் இரண்டு நீதிமன்றங்கள்: எந்தக் கதவைத் தட்டுவது?

இரண்டும் ஹேக் நகரில்தான் இருக்கின்றன. செய்திகளில் அடிக்கடி குழப்பப்படுவதும் இவைதான்.

சர்வதேச நீதிமன்றத்தில் நாடு நாட்டின் மீது வழக்குத் தொடுக்கிறது. தனிமனிதர் யாரும் கூண்டில் ஏறுவதில்லை. சர்வதேச குற்றவியல் நீதிமன்றமோ ஆட்களை விசாரிக்கிறது: தளபதி, அமைச்சர், அதிபர். 1998 ரோம் சட்டத்தின்படி 2002 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றங்களை அது தொட முடியாது.

மியான்மரின் முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்கியாக்களின் விவகாரம் இரண்டு இடத்துக்கும் போனது. 1948 இனப்படுகொலை உடன்படிக்கையில் மியான்மரும் இருப்பதால், எங்கோ ஆப்பிரிக்காவில் இருக்கும் காம்பியா 2019 நவம்பரில் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க முடிந்தது. 2020 ஜனவரியிலேயே இடைக்கால உத்தரவு கிடைத்தது. கொலைகள் நடந்துகொண்டிருக்கும்போது இந்த வேகம் பெரிய விஷயம். இறுதித் தீர்ப்பு வேறு கதை: போஸ்னியா 1993-ல் தொடுத்த வழக்கு 2007-ல்தான் முடிந்தது. போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா நகரில் நடந்த இனப்படுகொலையைத் தடுக்கத் தவறியதாக செர்பியா மீது தீர்ப்பானது, இழப்பீடு கிடையாது.

குற்றவியல் நீதிமன்றத்தில் மியான்மர் உறுப்பினர் அல்ல. மக்கள் துரத்தப்பட்டு வந்து சேர்ந்த வங்கதேசம் உறுப்பினர் என்ற நூலைப் பிடித்துத்தான் 2019-ல் விசாரணைக்கு அனுமதி கிடைத்தது. அந்த நூலும் இல்லை, அந்த நாடும் தானாக ஒப்புக்கொள்ளவில்லை என்றால் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் பரிந்துரைக்க வேண்டும். சிரியாவுக்கு 2014-ல் ரஷ்யாவும் சீனாவும் வீட்டோவால் அதை அடைத்தன.

கைது செய்ய குற்றவியல் நீதிமன்றத்துக்குச் சொந்தப் போலீசும் இல்லை. பிடியாணை இருந்தும் சூடானின் அப்போதைய அதிபர் அல்-பஷீர் 2015-ல் தென்னாப்பிரிக்கா போய், பத்திரமாக ஊர் திரும்பினார். ஆக, உடனடித் தடையுத்தரவு வேண்டுமென்றால் முதல் கதவு; பெயர் சொல்லிப் பொறுப்பாக்க இரண்டாவது.