சோயா மொச்சைக்கு எந்த உரம்: டிஏபியா, தொழு உரமா, ஊட்டமேற்றிய உரமா?

மத்தியப் பிரதேசத்தின் மால்வா கரிசலில் சோயா மொச்சை விதைப்பவர்களுக்கு ஜூன் மாதம் வந்தால் மணிச்சத்துதான் (பாஸ்பரஸ்) பெரிய கவலை. ஹெக்டேருக்கு 60 கிலோ மணிச்சத்து தேவை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்.

டை அம்மோனியம் பாஸ்பேட் எனும் டிஏபியில் 130 கிலோ போதும். மூன்று மூட்டைக்குள் வேலை முடியும், இங்கே பேசும் மற்ற உரங்களில் இந்த வசதி இல்லை. ஆனால் சுண்ணாம்பு மிகுந்த கரிசல், கரைந்த மணிச்சத்தில் கணிசமான பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் வித்துக்குத் தேவையான கந்தகமும் டிஏபியில் கிடையாது. சூப்பர் பாஸ்பேட்டில் கந்தகம் உண்டு, ஆனால் ஏழரை மூட்டை சுமக்க வேண்டும். எதைப் போட்டாலும் மண்ணுக்கு நேரடியாகக் கரிமம் சேராது.

சாணமும் குப்பையும் மட்கிய தொழு உரம் மண்ணைப் பொலபொலவென்று ஆக்கும். ஆனால் 10 டன் கொட்டினாலும் 20, 25 கிலோ மணிச்சத்துதான், அதிலும் ஒரு பங்குதான் முதல் பருவத்தில் பயிருக்கு எட்டும். அப்புறம், சாணத்தில் பாதி வறட்டிக்குப் போகும் ஊரில் 10 டன்னுக்கு எங்கே போவது?

மட்கும் குவியலிலேயே மணிச்சத்தைச் சேர்த்துத் தயாரிக்கும் ஊட்டமேற்றிய உரம் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. மால்வாவை ஒட்டிய ஜாபுவாவிலேயே ராக் பாஸ்பேட் என்னும் மணிச்சத்துப் பாறையை வெட்டி எடுக்கிறார்கள். அதை அப்படியே கரிசலில் தூவினால் காசுதான் வீண், கார மண்ணில் அது கரையவே கரையாது. கோதுமைத் தாளோடும் சாணத்தோடும் குவியலில் சேர்த்தால் கதை வேறு. மட்கும்போது உண்டாகும் கரிம அமிலங்களும், மணிச்சத்தைக் கரைக்கும் பாக்டீரியாவும் பூஞ்சையும் பாறையை மெல்ல மெல்லக் கரைக்கின்றன. நன்றாகத் தயாரான உரத்தில் மணிச்சத்து 3 சதவீதம் வரை இருக்கும், அதாவது 2 டன்னிலேயே 60 கிலோ. முழுவதும் உடனே கிடைக்காது என்பதையும் சொல்ல வேண்டும்.

இதற்கான விலை உழைப்பு. குவியலில் ஈரம் 60 சதவீதம் அளவில் இருக்க வேண்டும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரட்ட வேண்டும், மூன்று மாதமாவது ஆகும். கோதுமை அறுத்த கையோடு, தாளைக் கொளுத்தாமல் குவியல் போட்டால்தான் விதைப்புக்கு உரம் தயாராகும். கோடையில் தண்ணீர் இல்லாத தோட்டத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பலனை வேரில் பார்க்கலாம். விதைத்து 40, 45 நாளில் மண்வெட்டியால் செடியை மண்ணோடு பெயர்த்து, தண்ணீரில் அலசி, வேர் முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் முடிச்சு காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜன்) எடுத்துக்கொண்டிருக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அது வேலை செய்யவில்லை. முடிச்சுக்கு மணிச்சத்தும் வேண்டும், காற்றும் வேண்டும். மழையில் இறுகி நீர் கோத்து நிற்கும் கரிசலில் அந்தக் காற்றுக்கு வழிவிடுவது மட்கிய கரிமம்தான். உரத்துக்கு ஊட்டம் ஏற்றுகிறேன் என்று யூரியாவை அள்ளிக் கலந்தால் செடி தழைக்கும், முடிச்சு குறையும்.

ஜபல்பூரில் 1972 முதல் சோயா–கோதுமை சுழற்சியில் நடக்கும் நீண்டகால ஆய்விலும் ரசாயன உரத்தோடு தொழு உரமும் சேர்ந்த பாத்திகளில்தான் விளைச்சலும் கரிமமும் மேலோங்கி நிற்கின்றன. அதனால் என் கணக்கு இது: ஒரு டன் ஊட்டமேற்றிய உரம், மீதி 30 கிலோ மணிச்சத்துக்கு நான்கு மூட்டைக்குச் சற்றுக் குறைவாக சூப்பர் பாஸ்பேட். டிஏபியை விட்டுவிடலாம், கந்தகம் சூப்பரிலேயே வந்துவிடும். உரம் அரைகுறையாக மட்கியிருந்தால் மட்டும் அந்தப் பருவம் போடாதீர்கள். மட்காத தாள் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், முடிச்சு பிடிக்கும் முன்பே இளஞ்செடி வெளிறும்.