“ராத்திரி வண்டியை விட்டுட்டுப் போங்கம்மா” என்ற டீசல் ஷெட்

கடலூர் செம்மண்டலத்திலிருந்து நெல்லிக்குப்பம் போகும் சாலையோரம் ஒரு தகர ஷெட். பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் வேப்பமரம், அதன் நிழலில் கழற்றிப் போட்ட கியர்பாக்ஸ், பக்கத்தில் ஒரு டீக்கடை. அங்கே “டீசல் பாய்” என்று கேட்டால் கை காட்டுவார்கள். பத்து மாதமாக என் காரில் இருந்த ஒரு கோளாறை இவர் 650 ரூபாயில் தீர்த்துக் கொடுத்தார். அதை எப்படிச் செய்தார் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். டீசல் கார் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும்.

என்னுடையது தானே புயல் அடித்த மறு வருஷம், 2012-இல் வாங்கிய டீசல் கார். 1248 சிசி காமன் ரெயில் எஞ்சின், 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. திங்கட்கிழமைதோறும் அப்பாவைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும். தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீட்டிலிருந்து விடியற்காலை 4:30 மணிக்குக் கிளம்பினால்தான் சீட்டு வரிசையில் முன்னால் நிற்க முடியும். அப்பா பின் சீட்டில் ஏறியதும் கண்ணை மூடிக்கொள்வார். முதல் நாள் ராத்திரி அவருக்குச் சரியாகத் தூக்கம் இருக்காது.

கோளாறு இதுதான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆர்.பி.எம். ஊசி 1,100-க்கு ஏறி அங்கேயே நின்றுவிடும். ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமலே வண்டி ரேஸ் ஆகிக்கொண்டிருக்கும். தெருவின் வேகத்தடைகளில் கிளட்சை விட்டால் வண்டி முன்னால் தள்ளும், அப்பா விழித்துக்கொள்வார். மஞ்சக்குப்பம் கடந்து, பெண்ணையாற்றுப் பாலம் கடந்து, ஏறக்குறைய முள்ளோடை வரும்போதுதான் 850-க்கு இறங்கும். மதியம் திரும்பி வரும்போது ஒரு குறையும் இருக்காது. மைலேஜும் 21-இலிருந்து 17-க்கு வந்துவிட்டது.

குளிர்ந்த டீசல் எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் வேகமாக ஓடுவது இயல்புதான். டீசலுக்குத் தீப்பொறி கிடையாது, காற்றை அழுத்தும்போது வரும் சூட்டில்தான் எரிய வேண்டும். இரும்பு குளிர்ந்திருந்தால் அந்தச் சூட்டை அதுவே குடித்துவிடும், ஆயிலும் கெட்டியாக இருக்கும். எஞ்சின் தடுமாறாமல் ஓட, அதைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் கொஞ்சம் கூடுதல் டீசல் கொடுத்து ஐடிலிங்கை, அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது ஓடும் வேகத்தை, உயர்த்தி வைக்கும். ஆனால் இது ஊட்டி அல்ல. மார்கழியிலும் கடலூரில் விடியற்காலை 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். கிளம்பிய இரண்டு மூன்று நிமிஷத்தில் இறங்க வேண்டியது, கால் மணி நேரம் இறங்கவில்லை என்றால் ஏதோ சரியில்லை.

இந்த ஷெட்டுக்கு முன்னால் மூன்று இடங்களுக்குப் போனேன், பெயர் வேண்டாம். முதல் இடத்தில், புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி விடும் ஈ.ஜி.ஆர். வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்து 2,800 ரூபாய் வாங்கினார்கள். அடுத்த வாரமும் அதே கதை. இரண்டாவது இடத்தில் இன்ஜெக்டரும் பம்ப்பும் இறக்க வேண்டும் என்று 38,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதினார்கள். மூன்றாமவர், “தெர்மோஸ்டாட் வால்வைத் தூக்கிப் போட்டுடலாம், நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு?” என்றார். மூன்று இடத்திலும் ஒரு விஷயம் பொது. நான் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தும்போது எஞ்சின் சூடாகியிருந்தது. காலையில் மட்டும் வருகிற கோளாறைக் காலையில் யாரும் பார்க்கவில்லை. ஒரு இடத்தில் என்னிடம் பேசாமல், “உங்க வீட்டுக்காரருக்கு ஒரு போன் போடுங்க, அவர்கிட்ட சொல்றோம்” என்றார்கள். வண்டியை ஓட்டுவது நான். அது எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது.

பாய்க்கு அறுபது வயதிருக்கும். நான் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். ஏசி போட்டிருக்கும்போதா, போடாதபோதா? ஹெட்லைட் அணைத்தால் இறங்குகிறதா? ஹீட்டர் பிளக் விளக்கு முன்னைவிட அதிக நேரம் எரிகிறதா? வெப்ப ஊசி எங்கே நிற்கிறது? கடைசிக் கேள்விக்கு, “பாதிக்குக் கீழேயே நிக்குது பாய், சூடு ஏறலைன்னு நிம்மதியா இருந்தேன்” என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, பானட்டைக்கூடத் திறக்காமல் சொன்னார்: “இப்ப பாத்தா ஒண்ணும் தெரியாதும்மா. ராத்திரி வண்டியை இங்க விட்டுட்டுப் போங்க. காலைல அஞ்சரைக்கு வாங்க. நீங்க வர்ற வரைக்கும் நான் சாவியைத் தொட மாட்டேன்.”

எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

மறுநாள் 5:30-க்குக் கணவர் பைக்கில் கொண்டுவந்து விட்டார். பாய் ஏற்கெனவே ஷெட்டைத் திறந்து வைத்திருந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகி, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பச் சொன்னார். திரையில் இரண்டு எண்களைக் காட்டினார். உள்ளே போகும் காற்றின் வெப்பம் 25 டிகிரி. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரான கூலன்ட் 19. “ராத்திரி முழுக்க நின்ன வண்டி. காத்து, தண்ணி, இரும்பு எல்லாம் ஒரே சூட்டுலதானே இருக்கணும்? தண்ணி மட்டும் எப்படி ஆறு டிகிரி குளிரும்?”

பிறகு ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஊசி வழக்கம்போல 1,100. அப்படியே அந்தப் பக்கம் ஒரு சுற்று ஓட்டி வந்தோம். திரையில் எண் ஏறிக்கொண்டே வந்து 50-ஐ ஒட்டி நின்றுவிட்டது. பாய் இறங்கி, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஓஸின் மீது துணியைச் சுற்றி என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். இரண்டு விநாடிகூடக் கை வைக்க முடியவில்லை. “இது அம்பது டிகிரியா? எம்பது இருக்கும்.”

காலையில் ஆறு டிகிரி பொய், சூடானதும் முப்பது டிகிரி பொய். ஏன் அப்படி என்று கேட்டேன். ஒரு அட்டையின் பின்புறம் எழுதிக் காட்டினார். கூலன்ட் சென்சாருக்குள் இருப்பது வெப்பம் ஏற ஏற மின்தடை குறையும் ஒரு சின்னத் துண்டு. 25 டிகிரியில் ஏறக்குறைய 2,000 ஓம்ஸ், 80 டிகிரியில் 300-ஐ ஒட்டி. வழியில் எங்கேயோ ஒரு 500 ஓம்ஸ் கூடுதலாக ஒட்டிக்கொண்டால், 2,000-க்கு அது சின்னக் கூட்டல். 300-க்கு அது இரண்டு மடங்குக்கு நெருக்கமான கூட்டல். கம்ப்யூட்டர் அந்த 800-ஐப் பார்த்து எஞ்சின் 50 டிகிரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறது. நிஜமாகவே எஞ்சின் கொதிநிலைக்குப் பக்கத்தில் போன பிறகுதான் அதற்கு ‘சரி, சூடாகிவிட்டது’ என்று தெரிகிறது. முள்ளோடை வரை ஏன் இறங்கவில்லை என்பது எனக்கு அந்த அட்டையில் புரிந்தது. டீசல் எஞ்சினில் ஐடிலிங் கூடுகிறது என்றால் டீசல் கூடுதலாகப் போகிறது என்று அர்த்தம் என்பதையும் சொன்னார். மைலேஜ் போன வழியும் அதில் ஒரு பங்கு.

எஞ்சின் ஆறட்டும் என்று எட்டு மணி வரை காத்திருந்தோம். பிறகு சென்சாரில் ஒயரைச் செருகும் கப்ளரைக் கழற்றினார். இரண்டு பின்களில் ஒன்று பித்தளை நிறத்தில் பளிச்சென்று இருந்தது. இன்னொன்றின் அடியில் பச்சைக் களிம்பு. கோயில் குத்துவிளக்கின் திரி வாயில் பிடித்திருக்குமே, அதே பச்சை. நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. கப்ளரின் ரப்பர் வளையம் வெடித்து ஒரு பக்கம் பிதுங்கியிருந்தது.

ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, 2024 டிசம்பரில் பெண்ணையாற்று வெள்ளம் வந்தபோது வண்டி சேற்றுத் தண்ணீரில் நின்றதைச் சொன்னேன். “தண்ணி இவ்வளவு மேல ஏறியிருந்தா எஞ்சினே போயிருக்கும்மா. அதுக்கப்புறம் என்ன பண்ணீங்க?” என்றார். வாட்டர் சர்வீஸ் விட்டேன், சேறு போக பானட்டுக்குள்ளும் பிரஷரில் அடிக்கச் சொன்னேன். அதுதான். உள்ளே புகுந்த ஈரமும், எங்கள் தெருவின் உப்புக் காற்றும் சேர்ந்து மாதக்கணக்கில் அந்தப் பின்னைத் தின்றிருக்கின்றன. கடலோரத்தில் குடியிருப்பவர்கள் பானட்டுக்குள் பிரஷர் தண்ணீர் அடிக்க விடாதீர்கள். ஈரத் துணி போதும்.

நான் புதுச் சென்சார் வாங்கத் தயாராகத்தான் இருந்தேன். பாய் சென்சாரைக் கழற்றி, மல்டிமீட்டரில் பிடித்தார். 2,000-க்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. டீக்கடையிலிருந்து ஒரு டம்ளர் வெந்நீர் வரவழைத்து அதன் நுனியை முக்கினார். எண் சரசரவென்று இறங்கி 340-இல் நின்றது. “சென்சார் உசுரோட இருக்கு. இதுக்கு ஏன் காசு செலவு பண்றீங்க?” பழைய கப்ளரை வெட்டி எடுத்துவிட்டுப் புதியது ஒன்றைப் பற்றவைத்து, மேலே சூட்டில் சுருங்கி இறுகும் குழாய் போட்டு, கிரீஸ் தடவி மூடினார். குறைந்த கூலன்டை ஊற்றி, காற்றுக் குமிழி போகும் வரை எஞ்சினை ஓடவிட்டார். தெர்மோஸ்டாட்டைத் தொடவே இல்லை. அது எண்பது தொண்ணூறு டிகிரிக்கு நடுவே திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு, அதை எடுத்துவிட்டால் எஞ்சின் நிஜமாகவே குளிர்ந்து ஓடும், நீங்கள் எதற்குப் பணம் கொடுத்தீர்களோ அதே நோய் வரும் என்றார். வெட்டிய பழைய கப்ளரை என் கையில் கொடுத்தார். கப்ளர் 180, கூலன்ட் 120, கூலி 350.

குறை இல்லாமல் இல்லை. உட்கார ஒரு ஸ்டூல்தான், கழிவறை கிடையாது. பெண்களுக்கு அது சிரமம், நேராகவே அவரிடம் சொன்னேன். பில் கேட்டால் நோட்டுத் தாளில் எழுதித் தருகிறார். ஒரே ஆள், ஒரு பையன். கூட்டம் இருந்தால் இரண்டு நாள் சொல்லுவார், மூன்று நாள் ஆகும். பெயின்ட், டிங்கரிங் வேலையெல்லாம் இங்கே கேட்க வேண்டாம்.

அந்தத் திங்கட்கிழமை 4:30-க்கு ஸ்டார்ட் செய்தேன். ஊசி ஆயிரத்தைத் தொட்டது. தெரு வேகத்தடைகளை வண்டி தள்ளாமல் கடந்தது. பெண்ணையாற்றுப் பாலத்துக்கு முன்பே 850-க்கு வந்துவிட்டது. அப்பா கோரிமேடு வரை தூங்கினார்.

போகிறவர்கள் முதல் நாள் மாலையே வண்டியை விட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விடுவார், மூன்று மணிக்கு மேல்தான் ஷெட் திறந்திருக்கும்.