எஞ்சின் மவுண்டை மாற்றிய பின் வரும் நடுக்கம்: இறப்பர், ஹைட்ரோலிக், பொலியூரித்தேன் ஓர் ஒப்பீடு

திருகோணமலையில் பிரட்றிக் கோட்டை வாசலைத் தாண்டிக் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதியில் மான்கள் குறுக்கே நின்றுவிட்டால், கியர் ‘டி’யில் இருக்க, ஏசி ஓட, பிறேக்கை மிதித்தபடி காத்திருக்க வேண்டியதுதான். எஞ்சினைக் காரின் உடலோடு பிடித்து வைக்கும் தாங்கிதான் எஞ்சின் மவுண்ட்; அதில் எது நல்லது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பரீட்சை அந்தக் காத்திருப்பே. கந்தளாய் வீதியில் சீராக ஓடும்போது எல்லா மவுண்டும் நல்ல மவுண்டாகவே தெரியும். நின்ற இடத்தில், எஞ்சின் மிகக் குறைந்த சுற்றில், சுமையோடு ஓடும்போதுதான் ஒவ்வொன்றின் குணமும் வெளிப்படும்.

என்னுடையது 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர், எஞ்சின் குறுக்காகப் பொருத்தப்பட்ட ஆட்டோமேட்டிக் கார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டதால், இந்த ஊரில் பலரைப் போல நானும் இருந்த காரையே திருத்தித் திருத்தி ஓட்டினேன். ‘டி’யிலிருந்து ‘ஆர்’ போடும்போதெல்லாம் அடியில் ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரத் தொடங்கியது. பொனற்றைத் திறந்து வைத்து ஒருவர் கியரை மாற்ற, மற்றவர் பார்த்தால், எஞ்சின் தூக்கிப் போட்டதுபோல ஒரு பக்கம் சாய்ந்து எழுந்தது. மவுண்ட் இறப்பர் வெடித்துப் பிளந்திருந்தது. மாற்றுவதே மாற்றுகிறோம், இனி ஆயுளுக்கும் கிழியாத ஒன்றைப் போடுவோம் என்ற எண்ணத்தில், மூன்று இடத்துக்கும் இறப்பரைவிட விறைப்பான பொலியூரித்தேன் மவுண்ட் வாங்கிப் போட்டேன். அங்கே தொடங்கியது கதை.

மவுண்டிடம் நாம் கேட்கும் இரண்டு வேலைகள் ஒன்றுக்கொன்று எதிரானவை. எஞ்சின் முறுக்கும்போது அசையாமல் பிடிக்க வேண்டும். அதே எஞ்சினின் துடிப்பைக் காரின் உடலுக்குக் கடத்தாமல் விட வேண்டும். முதலாவதற்கு விறைப்பு வேண்டும், இரண்டாவதற்கு மென்மை வேண்டும். இந்த இழுபறியைக் கொஞ்சம் கணக்காகப் பார்த்தால்தான், நல்ல சாமான் போட்ட பிறகும் கார் ஏன் நடுங்குகிறது என்பது விளங்கும்.

நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு நிகழும். கார் நிற்க, எஞ்சின் நிமிடத்துக்கு 750 சுற்றில் ஓடினால், செக்கனுக்கு 25 துடிப்பு. மென்மையான இறப்பரின் மேல் எஞ்சின் அமர்ந்திருக்கும்போது அதன் இயல்பு அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் தானாக ஆடும் வேகம், 10 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 10 ஆட்டம்) அளவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆட்டத்தை அடக்கும் தணிப்பைக் கணக்கில் சேர்க்காத எளிய சூத்திரத்தின்படி, எஞ்சினின் துடிப்பில் ஏறத்தாழ 19 வீதம் மட்டுமே உடலுக்கு வந்து சேரும். மவுண்டின் விறைப்பை மூன்று மடங்காக்கினால் இயல்பு அதிர்வெண் 17.3 ஹேர்ட்ஸ் ஆகிவிடும். அப்போது அதே 750 சுற்றில் 92 வீதம் வந்து சேரும். ‘டி’ போட்டு ஏசியும் ஓடும்போது சுற்று 700 ஆக இறங்கினால் கணக்கு 120 வீதத்தையும் தாண்டும், அதாவது எஞ்சின் கொடுப்பதைவிட அதிகமாகவே உடல் ஆடும். மாறாக, 850 சுற்றில் அது 60 வீதத்துக்குக் குறைந்துவிடும். உண்மையான காரில் தணிப்பும் மற்ற அசைவுகளும் இருப்பதால் இந்த எண்கள் அப்படியே வராது; ஆனால் 150 சுற்று வித்தியாசத்தில் நடுக்கம் இரு மடங்காகக் கூடியதையும் பாதியாக அடங்கியதையும் நான் ஸ்டியரிங்கில் கையை வைத்தே உணர்ந்திருக்கிறேன்.

மூன்று சிலிண்டர் கார் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தை இரண்டு தரம் வாசிக்க வேண்டும். அவற்றில் சுற்றுக்கு ஒன்றரை வெடிப்புத்தான். 750 சுற்றில் 18.75 துடிப்பு. மேலே சொன்ன 17.3 ஹேர்ட்ஸுக்கு மிக அருகில் வந்துவிடுவதால், துடிப்பும் இயல்பு ஆட்டமும் ஒன்றுபட்டு நடுக்கம் பெருகும் ஒத்ததிர்வின் வாசலிலேயே அது நிற்கும். சின்னக் காருக்கு விறைப்பான மவுண்ட் போட்டால் எஞ்சின் இறுக்கமாக இருக்கும் என்பது உண்மை. பல்லும் கிடுகிடுக்கும் என்பதும் உண்மை.

இனி ஒவ்வொன்றாக. கொம்பனி இறப்பர் மவுண்ட், அடிக்கடி நின்று நின்று போகும் நகர ஓட்டத்துக்கு இன்றும் ஈடு இல்லாதது. அதன் எதிரிகள் எண்ணெயும் வெப்பமும். வால்வ் கவர் கசிவு சொட்டுச் சொட்டாக மவுண்ட் மேல் விழுந்தால் இயற்கை இறப்பர் ஊதிப் பஞ்சாகிவிடும். கசிவை நிறுத்தாமல் மவுண்டை மட்டும் மாற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்வது போன்றது. மலிவு விலையில் வரும் போலி இறப்பர் மவுண்டைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை: சில வேறுபாடில்லாமல் நன்றாகவே இருக்கும், சில ஆறு மாதத்தில் தொங்கிவிடும், வாங்கும்போது எது எது என்று பார்வையால் அறிய முடியாது. ஜப்பானிலிருந்து கழற்றி வரும் ரீகண்டிஷன் சாமான் கொம்பனித் தரம்தான், ஆனால் அதன் இறப்பருக்கும் உங்கள் காரின் வயதே ஆகியிருக்கலாம் என்பதை மறந்து பலர் வாங்கிவிடுகிறார்கள்.

ஹைட்ரோலிக் மவுண்ட் உண்மையில் மிகக் கெட்டிக்காரச் சாமான். உள்ளே இரண்டு அறைகள், இடையே ஒரு நீண்ட ஒடுங்கிய வழி, கிளைக்கோல் கலந்த திரவம். பள்ளத்தில் விழுந்து எஞ்சின் பெரிதாகக் குதிக்கும்போது திரவம் அந்த ஒடுக்கத்துக்குள் நெருக்கப்பட்டு அசைவைத் தணிக்கும். நின்று ஓடும்போது வரும் சிறு துடிப்புக்கோ மவுண்ட் மென்மையாகவே நடந்துகொள்ளும். மேலே சொன்ன இழுபறிக்கு ஒரே மவுண்டுக்குள் தீர்வு தருவது இது ஒன்றுதான். விலை கூட, திரவம் கசிந்துவிட்டால் வெளியே கறுத்த ஈரக் கோடு தெரியும், அதன் பின் அது வெறும் தளர்ந்த இறப்பர். உங்கள் காரில் கொம்பனி ஹைட்ரோலிக் கொடுத்திருந்தால், அந்த இடத்தில் வேறு எதையும் போடாதீர்கள் என்பதே என் கருத்து.

பொலியூரித்தேனுக்கு வருகிறேன். அதன் நன்மைகள் பொய்யல்ல. ‘டொக்’ சத்தம் முதல் நாளே மறைந்தது. அனுராதபுரச் சந்தியில் எடுப்பு எடுக்கும்போது எஞ்சின் பின்வாங்கிப் பிறகு இழுக்கும் அந்த ஒரு கணத் தாமதம் போனது. எண்ணெய் பட்டாலும் அது இறப்பர் போல ஊதாது. ஆனால் அதே நாள் மாலை உட்துறைமுக வீதியில் காரை நிறுத்தி எஞ்சினை ஓட விட்டபோது, டாஷ்போர்டில் ஒட்டியிருந்த சின்னப் பிள்ளையார் தும்பிக்கை இரண்டாகத் தெரியும் அளவுக்கு நடுங்கினார். பின்பார்வைக் கண்ணாடியில் பின்னால் நின்ற ஆட்டோவின் இலக்கத்தை வாசிக்க முடியவில்லை. பின் இருக்கையில் இருந்த அம்மா, “தம்பி, காருக்குக் காய்ச்சலோ?” என்று கேட்டார். அதைவிடச் சரியாக யாரும் அதை வர்ணித்ததில்லை.

பொறு, ஆயிரம் கிலோமீற்றர் ஓடினால் ‘செற்’ ஆகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது: புதிய பொலியூரித்தேன் சிறிது அமர்ந்து கொடுக்கும். மீதிப் பாதி, நமது உடம்பு பழகிப்போவது. ஏறும் மனிதர் மாறியதும் அது தெரிந்துவிடும். ஆயிரம் கிலோமீற்றருக்குப் பிறகும் புதிதாக ஏறிய ஒவ்வொருவரும் கதவைப் பிடித்துப் பார்த்தார்கள்.

பழகுவதற்கு முன் செய்ய வேண்டியவை சில இருந்தன, அவற்றை நான் தலைகீழாகச் செய்தேன். முதலில் பார்க்க வேண்டியது, நடுக்கம் உண்மையில் மவுண்ட் வழியாகத்தான் வருகிறதா என்பது. புதிய மவுண்ட் எஞ்சினைச் சில மில்லிமீற்றர் உயர்த்தியோ நகர்த்தியோ விட்டிருக்கும். எனது காரில் ஏசி குழாய் ஒன்று சட்டத்தில் முட்டிக்கொண்டிருந்தது, சைலன்சரின் வெப்பத் தகடு தனியே கிலுங்கியது. இரண்டையும் சரிசெய்ததுமே சத்தத்தில் பெரும்பகுதி அடங்கியது. அடுத்தது பொருத்திய முறை. மவுண்ட் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டு போனால், மவுண்டுக்குள் இருக்கும் மெத்தை வளையமான புஷ் முறுக்கிய நிலையிலேயே சிறைப்பட்டுவிடும். எல்லாவற்றையும் கைப்பிடி இறுக்கத்தில் விட்டு, ஜக்கை அகற்றி எஞ்சினின் முழுப் பாரமும் மவுண்டில் இறங்கிய பின், எஞ்சினை நிறுத்திய நிலையில் முன்பின்னாக ஆட்டி, அது தானாக அமரும் இடத்தில் வைத்து உரிய அளவுக்கு இறுக்க வேண்டும். மெக்கானிக் அண்ணை மீண்டும் இப்படிச் செய்து தந்தபோது, ஒரு சாமானும் மாற்றாமலே நடுக்கம் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது.

மூன்றாவது, எஞ்சினின் சொந்த நோய்கள். மென்மையான மவுண்ட் ஒரு நல்ல மருமகள் போல வீட்டுக் குறைகளை வெளியே சொல்லாது. விறைப்பான மவுண்ட் எல்லாவற்றையும் தெருவுக்குக் கொண்டுவரும். ஒரு பிளக் தேய்ந்திருந்தது, எஞ்சினுக்குக் காற்று விடும் துரொட்டில் உடல் கரி பிடித்திருந்தது. பழைய மவுண்டில் இரண்டும் தெரியவே இல்லை. அவற்றைச் சரிசெய்த பின் நின்று ஓடும் சுற்று நிலையானது, பிள்ளையாருக்கும் ஒரே தும்பிக்கை வந்தது. சுற்றைக் கூட்டினால் நடுக்கம் குறையும் என்பதை மேலே கணக்கில் பார்த்தோம். ஆனால் கணினி கட்டுப்படுத்தும் எஞ்சினில் அதைத் திருகாணியால் கூட்ட முடியாது, கூட்டினால் பெற்றோலும் போகும், ‘டி’யில் கார் தானாக நகரப் பார்க்கும். நீண்ட நேரம் நிற்க வேண்டிய இடத்தில் ‘என்’ போட்டுக் கைப்பிறேக் இழுப்பதே செலவில்லாத வைத்தியம்.

இத்தனைக்குப் பிறகும் மூன்று பொலியூரித்தேனோடு நான் வாழவில்லை. எஞ்சினின் பாரத்தைச் சுமக்கும் இரண்டு பக்க மவுண்டுகளையும் மென்மையான கொம்பனிச் சாமானுக்குத் திருப்பி, கீழே முறுக்கத்தை மட்டும் தாங்கும் டோர்க் மவுண்டில் மாத்திரம் பொலியூரித்தேனை விட்டேன். அந்த மவுண்ட் பாரம் சுமப்பதில்லை. எடுப்பிலும் கியர் மாற்றத்திலும்தான் அதற்கு உண்மையான வேலை. ஆகவே ‘டொக்’ சத்தம் திரும்பவில்லை, இழுவையின் இறுக்கமும் பெருமளவு மிஞ்சியது, நின்று ஓடும்போது வரும் நடுக்கம் மட்டும் புதிய இறப்பருக்கு ஓரளவு மேலே நிற்கிறது. நகரத்தில் ஓடும் குடும்பக் காருக்கு, ஒப்பிட்டுப் பார்த்த எல்லாவற்றிலும் நான் தேர்வது இந்தக் கலவையைத்தான். அதிலும் சில கொம்பனிகள் கறுப்பு நிறத்தில் விடும் மிக விறைப்பான தரமல்லாமல், கடைக்காரர் காட்டும் மென்மையான தரத்தையே கேட்டு வாங்க வேண்டும். நிறம் கொம்பனிக்குக் கொம்பனி மாறும் என்பதால், நிறத்தைப் பார்க்காமல், விறைப்பைக் காட்டும் ஷோர் எண்ணைக் கேட்பது நல்லது.

பழைய மவுண்டின் வெற்றிடங்களில் திரவப் பொலியூரித்தேனை ஊற்றி இறுகவிடும் முறையையும் சிலர் செய்கிறார்கள். மலிவுதான், ஆனால் கொம்பனி அந்த வெற்றிடத்தை மென்மைக்காகத் தெரிந்தேதான் விட்டிருக்கிறது. முழு உலோக மவுண்ட் பந்தயக் காருக்குரியது, வீதிக்கு வேண்டாம்.

கடலோர ஊரில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. உப்புக் காற்றில் அலுமினியத் தாங்கிக்குள் இருக்கும் இரும்புப் போல்ட் அரித்து ஒட்டிக்கொள்ளும். நிலாவெளிப் பக்கம் கடலருகே நிறுத்தப்படும் கார்களில் மவுண்டைவிடப் போல்ட்டைக் கழற்றுவதே பெரிய வேலை. பூட்டும்போது போல்ட்டின் தண்டில் துரு தடுக்கும் கிறீஸ் மெல்லியதாகப் பூசச் சொல்லுங்கள். பொலியூரித்தேனிலும் பொலியெஸ்டர் வகை வெப்பத்தோடு கூடிய ஈரப்பதத்தில் நாளடைவில் சிதையும், பொலியீதர் வகை தாக்குப்பிடிக்கும். எது என்று கடையில் கேட்டால் பெரும்பாலும் சிரிப்புத்தான் பதில்.

கழற்றிய இரண்டு பொலியூரித்தேன் மவுண்டுகளும் சில மாதம் பத்திரிகைத் தாளில் சுற்றியபடி டிக்கியில் கிடந்தன. உவர்மலையில் இருக்கும் நண்பர் ஒருவர் அதே மாதிரிக் காரின் கைக்கியர் வகையை வைத்திருக்கிறார். நின்று ஓடும்போது அவருடையது நியூட்ரலில்தான் இருக்கும், ‘டி’ என்ற தொல்லையே இல்லை. அவருக்குக் கொடுத்துவிட்டேன், முதலில் பிளக்கைப் பார்த்துவிட்டுப் போடு என்று சொல்லி.